தெளிவு உண்மையாகுமா?

மங்கலாக இருப்பதைத் துலக்கிக் காண விழைவது மனித இயல்பு. கறுத்த பித்தளை விளக்கைப் புளியிட்டுத் தேய்க்கிறோம். தூசு படிந்த படத்தைத் துடைத்து மாட்டுகிறோம். மங்கிய எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படிக்கிறோம். இவை யாவும் நற்செயல்கள் என்றே உலகம் கொள்கிறது. ஆயின், விளக்கைத் தேய்க்கும் கை, அதில் இல்லாத பூவேலைப்பாடு ஒன்றையும் சேர்த்துச் செதுக்கிவிட்டு, 'இதுதான் பாட்டியார் காலத்து விளக்கு' என்று காட்டுமானால் அதனை என்னென்பது? துலக்குதல் எந்த இடத்தில் முடிகிறது? புனைதல் எந்த இடத்தில் தொடங்குகிறது?

இவ்வினா ஏடு பதிப்பிப்போருக்கும் ஓவியங்களைச் செப்பனிடுவோருக்கும் புதியதன்று. இன்று அது, சிறுவர் கையில் தவழ்ந்த விளையாட்டுக் கருவிகளின் உலகிலும் எழுந்து நிற்கிறது. விளையாட்டுத்தானே என்று அதனை ஒதுக்கிவிடுதல் தகாது. சிறு பொருளில் தெளிவாகத் தெரியும் அறம், பெரும் பொருளிலும் நமக்கு வழிகாட்டும்.

மறைந்த கருவியும் மீண்ட விளையாட்டும்

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 1989-ஆம் ஆண்டில் 'கேம் பாய்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் திரை, அகலத்தில் 160 புள்ளிகளும் உயரத்தில் 144 புள்ளிகளும் கொண்டது; ஆக மொத்தம் 23,040 புள்ளிகள். வண்ணம் இல்லை, வெளிர்மை முதல் கருமை வரை நான்கே சாயல்கள். அவையும் பச்சை படர்ந்த திரையிலேயே தெரிந்தன. திரைக்குள் விளக்கும் இல்லை. சன்னலோரத்திலோ விளக்கடியிலோ அமர்ந்துதான் ஆட வேண்டும்.

இதனை அறியாமையின் விளைவு என்று எண்ணிவிடலாகாது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் 'லிங்க்ஸ்' கருவியும், அடுத்த ஆண்டில் சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' கருவியும் ஒளியூட்டிய வண்ணத் திரையுடன் வந்தன. அவற்றுக்கு ஆறாறு மின்கலங்கள் தேவைப்பட்டன; அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் அவற்றைவிட நெடுநேரம் ஓடியது. அதன் ஆக்கத்திற்குத் தலைமை தாங்கிய குன்பெய் யொகோய், பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துதல் என்பதனையே தம் கொள்கையாகக் கொண்டவர். ஆகவே, அத்திரையின் மங்கலும் ஒரு தேர்வு. தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓர் எல்லை.

காலம் ஓடியது. கருவிகள் பழுதுபட்டன, விற்பனை நின்றது. விளையாட்டுகளும் அவற்றோடு மறையத் தொடங்கின. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, 'வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்' என்னும் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நேற்றுப் பிறந்த கலை, ஓலைச்சுவடியைவிட விரைவாக அழிந்துகொண்டிருக்கிறது!

இந்நிலையில் கைகொடுப்பதே எமுலேட்டர். பழைய கருவியின் இயக்கத்தை மற்றொரு கணினியில் அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள் அது. பழைய விளையாட்டு, தான் வேறு வீட்டில் குடியிருப்பதை அறியாமலே ஓடுகிறது. இதனைச் சுற்றிச் சட்டச் சிக்கல்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டில், சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் இடையே நடந்த வழக்கில், எமுலேட்டர் ஆக்கும்பொருட்டு மூலக் கருவியின் மென்பொருளை ஆராய்ந்ததை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நியாயமான பயன்பாடாக ஏற்றது. 2024-இலோ, நிண்டெண்டோ தொடுத்த வழக்கில் 'யூசு' என்னும் எமுலேட்டரை ஆக்கியோர் 24 இலட்சம் அமெரிக்க டாலர் தர இசைந்து தம் பணியை நிறுத்தினர். '3டிஎஸ்' என்னும் கையடக்கக் கருவிக்கான 'சிட்ரா' எமுலேட்டரும் அத்துடன் நின்றுபோனது. பிறர் உடைமையை விலை கொடாது நகலெடுத்தல் சரியா என்னும் வினா, தனியே ஆராயத்தக்கது. நாம் இங்கு ஆராய்வது வேறு: நேர்மையாகப் பெற்ற ஒரு விளையாட்டையே, அதன் மூலத் தோற்றத்தைவிட அழகாக்கிக் காட்டலாமா என்பதே.

அழகாக்கும் மூன்று வழிகள்

உள்ளங்கையளவு திரைக்கென வரைந்த படத்தை இன்றைய பெரிய திரையில் காட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதுரக் கல்லாகப் பருத்துத் தெரியும். மேலும், 144 வரிகளை 1,080 வரிகளாக்க வேண்டுமெனில் ஏழரை மடங்கு பெருக்க வேண்டும். அரைப் புள்ளி என ஒன்று இல்லையாதலால், சில வரிகள் ஏழு மடங்கும் சில வரிகள் எட்டு மடங்கும் பருத்து, படம் நகரும்போது நெளியும். இதனைத் தவிர்க்க, ஏழு மடங்கோடு நிறுத்தி, எஞ்சிய இடத்தைக் கருமையாக விட்டுவிடுவோர் உண்டு. அஃது ஓர் அடக்கமான வழி. அதில் நிறைவடையாதவர்கள் படத்தை மேலும் அழகாக்க முற்படுகின்றனர். அவர்கள் கையாளும் வழிகள் மூன்று.

முதல் வழி, உள்ளதை முழுமையாக வெளிக்கொணர்தல். சோனி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட 'பிஎஸ்பி' கருவியின் திரை 480-க்கு 272 புள்ளிகள் கொண்டது. அதன் முப்பரிமாண விளையாட்டுகளில் உருவங்கள் புள்ளிகளாக வைக்கப்படவில்லை; முனைகளின் இருப்பிடங்களைக் குறிக்கும் எண்களாக வைக்கப்பட்டுள்ளன. எண்களிலிருந்து படத்தை வரைவது கருவியின் வேலை. 2012-இல் வெளிவந்த 'பிபிஎஸ்எஸ்பிபி' என்னும் எமுலேட்டர், அதே எண்களைக் கொண்டு 960-க்கு 544 என்றும் அதற்கு மேலும் வரைய வல்லது. இங்கு புதிதாக எதுவும் புனையப்படுவதில்லை. தாளில் எழுதிய இசைக் குறிப்பைச் சிறிய ஆர்மோனியத்தில் வாசித்தவர், பெரிய கருவியில் வாசிப்பது போன்றது இது. குறிப்பு ஒன்றே, ஒலிதான் விரிகிறது.

இரண்டாம் வழி, ஊகித்தல். கேம் பாய் போன்ற கருவிகளின் படங்கள் எண்களால் ஆன உருவங்கள் அல்ல. எட்டுக்கு எட்டு என்னும் சிறு கட்டங்களில், புள்ளி புள்ளியாக வைத்து அமைத்தவை. இவற்றைப் பெருக்கும்போது இடையில் தோன்றும் புதிய புள்ளிகளுக்கு என்ன நிறம் தருவது? 2001-இல் ஆந்த்ரேயா மாத்சோலேனி ஆக்கிய 'ஸ்கேல்2எக்ஸ்' என்னும் முறை, மேலும் கீழும் இடமும் வலமும் உள்ள அண்டைப் புள்ளிகளை நோக்கி, அவற்றுள் ஒன்றின் நிறத்தையோ மூலப் புள்ளியின் நிறத்தையோ எடுத்துக்கொள்கிறது. படத்தில் இல்லாத நிறத்தைக் கொண்டுவருவதில்லை. 2003-இல் மாக்சிம் ஸ்தெப்பின் ஆக்கிய 'எச்கியூஎக்ஸ்' முறையோ, சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளின் 256 அமைப்புகளையும் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, நிறங்களைக் குழைத்துப் பூசுகிறது. படிக்கட்டு போன்ற விளிம்புகள் வழவழப்பாகின்றன. ஆனால், முகத்தில் கண்ணென வைத்த ஒற்றைப் புள்ளி, புருவத்தோடு ஒட்டிக் கறையாகிவிடுதலும் கூடும். கேம் பாயின் 'டெட்ரிஸ்' விளையாட்டில், வண்ணமின்மையால் கட்டைகளை வேறுபடுத்தப் புள்ளிக் கோலங்களையே பயன்படுத்தினர். அக்கோலத்தைக் குழைத்துவிட்டால், அழகு கூடலாம், வேறுபாடு மங்கும்.

மூன்றாம் வழி, மாற்றிவைத்தல். முப்பரிமாண உருவத்தின்மேல் தோல்போல் போர்த்திய படத்தை 'டெக்ஸ்சர்' என்பர். உருவம் கூர்மையானாலும் இத்தோல் பழைய மங்கலோடேயே நிற்கும். ஆகவே, அதனை எடுத்துவிட்டுப் புதியதொன்றைப் போர்த்துகின்றனர். சிலர் கையால் வரைகின்றனர். 2018-க்குப் பின்னர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வரைவோர் பெருகியுள்ளனர். அந்நுண்ணறிவு, தான் பயின்ற எண்ணற்ற படங்களில் கண்ட செங்கல்லைக் கொண்டுவந்து இந்தச் சுவரில் பதிக்கிறது. சுவர் அழகாகவே இருக்கிறது. ஆனால், அது முதல் ஓவியன் கட்டிய சுவர் அன்று.

துலக்குவோர் வாதம்

'முதல் ஆக்கியோருக்கு நல்ல திரை கிடைத்திருந்தால் அவர்களும் இப்படித்தானே செய்திருப்பர்? அவர்களுடைய கனவை அல்லவா நாம் நிறைவேற்றுகிறோம்?' என்று கேட்கின்றனர் அழகாக்குவோர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நிண்டெண்டோ நிறுவனமே 1996-இல் பச்சைத் திரையை நீக்கித் தெளிந்த கறுப்பு வெள்ளைத் திரையோடு 'கேம் பாய் பாக்கெட்' கருவியை வெளியிட்டது. 1998-இல் ஜப்பானில் ஒளியூட்டிய திரையோடு 'கேம் பாய் லைட்' வந்தது. குறையைக் குறையென்று உணர்ந்து ஆக்கியோரே திருத்திய பின், 'பச்சை மங்கலே புனிதம்' என்று நாம் பிடிவாதம் பிடிப்பது பொருந்துமா? மேலும், கண்பார்வை குன்றிய ஒருவருக்குப் பெரிய, தெளிந்த படம் ஆடம்பரமன்று, வாயில். அவ்வாயிலை அடைப்பது அறமாகாது.

காப்போர் வாதம்

மறுபுறத்தாரின் வாதமும் வலியதே. கலைஞன் எல்லைக்குள் நின்றே படைக்கிறான். வெண்பா எழுதும் புலவனிடம், 'தளை இல்லாதிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பீர்' என்று கூறுவார் உண்டோ? தளையை அறிந்தே அவன் சொல்லைத் தேர்ந்தான். திரையின் குறையை அறிந்தே இவனும் புள்ளியை வைத்தான்.

இதற்குச் சான்று உண்டு. 2001-இல் வெளிவந்த 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவி 32,768 வண்ணங்களைக் காட்ட வல்லது. ஆயினும் அதன் திரையில் விளக்கு இல்லை. இருண்ட திரையிலும் தெரிய வேண்டும் என்பதற்காகவே, ஆக்கியோர் பலர் வண்ணங்களை வேண்டுமென்றே வெளிறிய பளிச்சென்ற நிலையில் தீட்டினர். அவ்வண்ணங்களை இன்றைய ஒளிமிக்க திரையில் மாற்றமின்றிக் காட்டினால், அவர்கள் எண்ணிய காட்சி தோன்றாது. அளவு மீறிய பளபளப்பே தோன்றும். பழைய திரைகளில் ஒரு படம் மறைந்த பின்னும் அதன் சுவடு சற்றே தங்கும். ஒரு நிழலை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை மாறும் காட்சிகளில் ஒன்றில் காட்டி அடுத்ததில் மறைத்தால், அச்சுவடு காரணமாக நிழல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். புதிய திரையில் அதே நிழல், மினுக்மினுக்கென்று துடிக்கிறது. குறை எனக் கருதியது தூரிகையாகவும் இருந்தது என்பதனை இவை உணர்த்துகின்றன. ஆகவேதான் 'எம்ஜிபிஏ' போன்ற எமுலேட்டர்களில், வண்ணத்தைப் பழைய திரைக்கேற்பத் தணிப்பதற்கும், அடுத்தடுத்த காட்சிகளைக் கலந்து காட்டுவதற்கும் வசதி செய்துள்ளனர்.

இங்கு ஒரு வியப்பினைக் காண்கிறோம். கோப்பில் உள்ள எண்ணைப் பிழையின்றிக் காட்டுவதால் மட்டும் உண்மை வந்துவிடுவதில்லை. எண் மாறாதிருக்கக் காட்சி மாறிவிடுகிறது. காட்சி மாறாதிருக்க வேண்டுமெனில் எண்ணை மாற்ற வேண்டியுள்ளது. எனில், படைப்பு எங்கே இருக்கிறது? கோப்பிலா, திரையிலா, ஆக்கியோன் கருத்திலா, கண்டவர் நினைவிலா?

பதிப்பாசிரியர் காட்டும் நெறி

இவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும் நடந்துகொள்ளும் நெறி ஒன்றை நாம் அறிவோம். தமிழ் கற்றோருக்கு அது பழகிய நெறியே. செல்லரித்த ஏடுகளை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் போன்ற சான்றோர் என்ன செய்தனர்? ஏட்டிலிருந்த பாடத்தைத் தந்தனர். வேறு ஏடுகளில் கண்ட பாடபேதங்களைத் தனியே குறித்தனர். தம் விளக்கத்தைக் குறிப்புரையில் வைத்தனர். படிப்பவர் கையில் தெளிந்த நூல் கிடைத்தது. எது ஏடு, எது பதிப்பாசிரியர் என்பதும் தெரிந்தது. மாறாக, தாம் எழுதிய வரியைப் பழம்புலவர் வரியோடு கலந்துவிட்டவரும் இருந்தனர். அதனை நாம் இடைச்செருகல் என்கிறோம். இடைச்செருகலான பாட்டு சிலபோது இனிமையாகவும் இருக்கும். அதன் குற்றம் இனிமையின்மை அன்று, சொல்லாமல் நுழைந்ததே.

மேற்கூறிய மூன்று வழிகளையும் இந்நெறியால் அளந்து பார்க்கலாம். உள்ளதை வெளிக்கொணர்வது, தேய்ந்த எழுத்தைத் தெளிவாக அச்சிடுவதனை ஒக்கும். ஆயினும் அதிலும் எச்சரிக்கை வேண்டும். சிறு திரையில் தெரியாது என்று ஆக்கியோர் கரடுமுரடாக விட்டுவைத்த தொலைதூர மலைகள், கூர்மையான படத்தில் அட்டைத் துண்டுகளாய்க் காட்சியளிக்கும். அதனைக் கண்டு அவர்களைக் குறைகூறுதல், மேடையின் பின்புறம் சென்று அரசவைத் தூண் வெறும் துணிதான் என்று நாடகத்தைப் பழிப்பதனை ஒக்கும். ஊகித்தல், சிதைந்த இடத்தை உரையாசிரியர் நிரப்புவது போன்றது. ஊகம் என்று சொல்லப்படும்வரை அது பயனுடையது. மாற்றிவைத்தலோ வழிநூல். வழிநூல் செய்வது குற்றமன்று. அதனை முதல்நூலின் பெயரால் வழங்குவதே குற்றம்.

இதில் நாம் இழக்கக்கூடியது என்ன? வருங்காலத்து மாணவன் ஒருவன், 2005-ஆம் ஆண்டுக் கையடக்க விளையாட்டுகளின் கலைத்திறனை ஆராய்கிறான் எனக் கொள்வோம். மூலக் கருவி அவனுக்குக் கிட்டாது. அவன் காண்பவை எமுலேட்டரில் நான்கு மடங்கு கூர்மையாக்கிப் பிடித்த படங்களே. அவற்றில் பாதி, செயற்கை நுண்ணறிவு போர்த்திய தோல். அவன் எதனைப் புகழ்வான்? யாரை இகழ்வான்? சிறு திரையின் புள்ளிகளில் ஒரு காட்டையும் கடலையும் உணர்த்திய கைகளின் உழைப்பு, அவன் கணக்கில் எங்கே சேரும்? பழைய ஆக்கியோர் எதிர்த்து வாதாட வரமாட்டார்கள். தமக்காகப் பேச இயலாதவர் திறத்தில் நடந்துகொள்ளும் முறையே, ஒருவரது நேர்மைக்கு உரைகல்.

1998-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'கேம் பாய் கலர்' இதற்கொரு நல்ல முன்மாதிரியைத் தருகிறது. அதில் பழைய நான்கு சாயல் விளையாட்டுகளையும் ஆடலாம். கருவியே அவற்றுக்கு வண்ணம் தந்தது. தொடக்கத்தில் பொத்தான்களை அழுத்தி, பன்னிரண்டு வண்ணத் தொகுதிகளுள் விரும்பியதைத் தெரிந்துகொள்ளலாம். அப்பன்னிரண்டுள் ஒன்று, வண்ணமே இல்லாத பழைய சாம்பல் சாயல்! புதுமையை வழங்கிய கை, பழமைக்குத் திரும்பும் வழியையும் திறந்தே வைத்திருந்தது. இப்பண்பே நமக்கு வேண்டுவது.

ஆகவே, பழையதைத் துலக்க முற்படுவோர் மூன்று கடமைகளை மேற்கொள்ளுதல் வேண்டும். மூலத்தை அழிக்காது வைத்திருத்தல் முதற்கடமை. கண்டது எது, ஊகித்தது எது, சேர்த்தது எது என்று வேறுபடுத்திச் சொல்லுதல் இரண்டாம் கடமை. பயன்படுத்துவோர் விரும்பும்போது மூலத்திற்கு மீள, எளிய வழி அமைத்தல் மூன்றாம் கடமை. இவற்றுள் மூன்றாவதனைச் சிறிதெனக் கருதலாகாது. பெரும்பாலோர் தமக்குக் கொடுத்த அமைப்பை மாற்றிப் பார்ப்பதே இல்லை. கொடுத்ததே மூலம் என்று நம்பிவிடுகின்றனர். எனவே, முதலில் எதனைக் காட்டுவது என்று முடிவு செய்பவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு தலைமுறையின் நினைவையே முடிவு செய்கிறார்.

காண்போர்க்கும் கடமை உண்டு. அழகாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை உண்மையென்று கொள்ளாதிருத்தல் அக்கடமை. 'இந்தக் கூர்மை யார் தந்தது?' என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும் மாணவன், விளையாட்டில் மட்டுமன்றி, செய்தித்தாளில் வரும் படத்திலும், மேடையில் ஒலிக்கும் மேற்கோளிலும், வரலாற்று நூலிலும் அதே வினாவை எழுப்புவான். அவ்வாறு வினவும் பழக்கத்தை அவன் உள்ளத்தில் விதைப்பது ஆசிரியர் பணி. கேம் பாயின் மங்கிய திரையைக் காட்டியும் அதனைக் கற்பிக்கலாம். கூர்மையாக்கிய படத்தை அதன் அருகில் வைத்து, இரண்டிற்கும் இடையே உள்ளதைக் கேட்டால் போதும்.

தெளிவு நன்று, தெளிவுக்காக உழைப்போரும் நன்றிக்குரியவரே. ஆயினும், தெளிவு உண்மைக்குத் துணைநிற்க வேண்டுமேயன்றி, உண்மையின் இருக்கையில் தான் ஏறி அமர்ந்துவிடலாகாது. முன்னோர் விட்டுச் சென்றதைத் துலக்குவோம். துலக்கிய இடத்தில் நம் கைக்குறியையும் மறைக்காமல் இடுவோம்.